சரிக் குறி

மாதம் இருபத்தைந்து.
செம்பனை லாரி கிளப்பிய தூசி அடங்குமுன்
பேங்கு மிஷின் முன்னால் வரிசை நின்றுவிடும்.
நானும் நிற்பேன்.
நகராண்மைக் கழகத்தில் முப்பத்தைந்து வருஷக் கிராணி,
இப்போது பென்சன்காரி.

அந்த வருஷம்
நீலப் பாரங்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்கின.
இரண்டு கட்டம்.
ஒன்றில் சேமநிதி, போகும்போது மொத்தமாக.
மற்றதில் பென்சன், சாகும்வரை சில்லறையாக,
செத்த பிறகு வீட்டுக்காரிக்கு.
வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் போட வேண்டும்.
போடாவிட்டால் போட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.
எதைப் போட்டதாக என்பது மட்டும்
மலாயில், பொடி எழுத்தில்.

லோங்காங் கழுவும் ஆட்கள்
பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்பே வந்தார்கள்.
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
பாரத்தைத் தொடாமல் பார்த்தார்கள்.
"கிராணியம்மா, நீங்க எத சொல்றீங்க?"
எனக்கு இருபத்தாறு வயது.
சாவைப் பற்றி என்ன தெரியும்?

சன்னாசிக்குச் சந்தேகமே இல்லை.
அவன் பெண்சாதி பால்மரம் வெட்டிய தோட்டத்தை
வீடு கட்டுகிற கம்பெனி வாங்கிவிட்டது.
லயத்தைக் காலி பண்ண மூன்று மாசம்.
"மாசா மாசம் சொட்டுற காசுல கூரை போட முடியுமா?"
மொத்தத்தில் சரி போட்டேன்.

தண்ணிமலை நெடுநேரம் நின்றான்.
ஐந்தாம் கட்டையில் கோழி வளர்க்கிறாள் மருதாயி.
ஒரே நாளில் கைநிறையப் பணம் வந்தால்
அவளுடைய அண்ணன்மாரும் அதே நாளில் வந்துவிடுவார்கள்.
"நான் போனாலும் அவளுக்கு மாசம் வரணும்."
பென்சனில் சரி போட்டேன்.

கீழே ஒரு வரி கேட்டது, கல்யாணப் பதிவு எண்.
கோயிலில் தாலி கட்டியதோடு சரி என்றான்.
அடுத்த வாரம் தைப்பிங் போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள் என்றேன்.
வரியைக் காலியாக விட்டு
ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்,
மறக்காமல் இருக்க.

எண்பத்திரண்டு வயதில் சன்னாசி
கோப்பிக்கடைப் பின்புறம் கோப்பை கழுவுகிறான்.
கூரை இருக்கிறது.
கூரையைத் தின்ன முடியாது என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.
என்னைத் திட்டியதில்லை.
திட்டியிருக்கலாம்.

தண்ணிமலை ஓய்வு பெற்ற பதினோராம் மாசம் போனான்.
மருதாயி கவுண்டருக்கு வந்தாள்.
மாலையும் கழுத்துமாக ஒரு படம்,
மாரியம்மன் கோயில் ரசீது, பதினைந்து வெள்ளி,
இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சூராட்.
கணினி அவனைப் பூஜாங் என்றது.
கல்யாணம் ஆகாதவன்.

முப்பத்திரண்டு வருஷம்
விடியுமுன் அவனுக்குச் சோறு கட்டியவள்
அந்தச் சொல்லை இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டு
முந்தானையால் முகத்தை மூடினாள்.
தோள் குலுங்கியது.
தண்ணீர் கொண்டுவர எழுந்தேன்.
சிரித்துக்கொண்டிருந்தாள்.
"பூஜாங்காமே! இதக் கேக்க
அந்த மனுசன் இல்லாமப் போச்சே."

அவள் போன பிறகு பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன்.
நீலம் வெளுத்திருந்தது.
பென்சில் புள்ளி அப்படியே இருந்தது.

இப்போது குப்பையும் லோங்காங்கும் கம்பெனிக்காரன் கையில்.
மஞ்சள் பனியனில், நாள்கூலிக்கு,
பேங்கு அஞ்சடியைக் கூட்டுகிறாள் மருதாயி.
எந்தக் கட்டமும் கேட்காத வேலை.

நான் போட்ட அந்தச் சாய்ந்த கோட்டுக்கு
யார் சரி என்று பெயர் வைத்தார்களோ.

"பசியாறியாச்சா கிராணியம்மா?"
துடைப்பத்தை நிறுத்தாமல் கேட்கிறாள்.
ஆச்சு என்கிறேன்.
இன்னும் இல்லை.
நோட்டுகளை எண்ணித் தள்ளிவிட்டு
ரசீது வேண்டுமா என்கிறது மிஷின்.
திரையில் இரண்டு கட்டம்.
விரலைத் தூக்கியபடி நிற்கிறேன்.
பின்னால் யாரோ கனைக்கிறார்.